‘ஹவ் கம்’ எழுத்தில் இடிக்கிறதா? எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்

அலுவலகத்தில் என் மேசைப் பக்கம் வந்து, “இந்த மெயிலை ஒரு பார்வை பார்த்துடுங்களேன்” என்று நிற்பவர்கள் வாரத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். சம்பளத்தில் சேராத வேலை. அப்படிப் பார்த்துக் கொடுத்ததில் திரும்பத் திரும்ப இடறுகிற ஓர் ஆங்கிலச் சொற்றொடர் ‘ஹவ் கம்’ (how come). பேச்சில் இது யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. குரலும் புருவமும் சேர்ந்து சமாளித்துவிடும். எழுத்தில் அந்தத் துணை கிடையாது. எழுதியவருக்கே ‘ஏதோ இடிக்குதே’ என்று தோன்றும், எது என்று பிடிபடாது. உங்களுக்கு எந்த மாதிரி இடிக்கிறது என்று கீழே தேடி, நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் பொருளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பிசகு அங்கேயே தீர்ந்துவிடும்.

‘ஹவ் கம்’ என்றால் ‘ஏன்’ என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தப்பில்லை, ஆனால் அரைகுறை. அதற்கு நம்மிடம் இருக்கும் சரியான சொல் ‘அதெப்படி’. அம்மா தட்டில் வடை வைக்கிறார். அண்ணனுக்கு இரண்டு, தம்பிக்கு ஒன்று. தம்பி காரணம் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டான். “அதெப்படி அவனுக்கு மட்டும் ரெண்டு?” என்பான். இரண்டு வடை கண்முன் கிடக்கிறது, அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. அது எப்படி நடந்தது என்பதில்தான் ஆச்சரியம், ஆச்சரியத்தோடு கொஞ்சம் முறைப்பு. ‘ஹவ் கம் ஹி காட் டூ?’ என்பது அச்சு அசலாக இதுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். ‘அதெப்படி’க்குப் பின்னால் வருவது சாதாரண வாக்கியம்: ‘அவனுக்கு மட்டும் ரெண்டு.’ கேட்கிற வேலை முழுவதையும் ‘அதெப்படி’யே முடித்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் இரண்டு முடிச்சு போட்டது போல் இருக்கிறது

‘ஹவ் கம் டிட் யூ லீவ் ஏர்லி?’ ‘ஹவ் கம் ஆர் யூ லேட்?’ என்னிடம் வருகிற பிழைகளில் அதிகம் இதுதான்.

காரணம் எளிது. ‘வொய்’ வந்தால் ‘டிட்’, ‘ஆர்’ போன்ற துணைவினையை முன்னால் இழுத்துப் போடு என்று பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ‘வொய் யூ ஆர் லேட்’ என்று எழுதினால் சிவப்பு மை. ‘வொய் ஆர் யூ லேட்’ என்றால் ஒரு மதிப்பெண். அந்தப் பழக்கத்தில் ‘வொய்’யை எடுத்துவிட்டு அதே இடத்தில் ‘ஹவ் கம்’மை ஒட்டிவிடுகிறோம். ஆனால் ‘ஹவ் கம்’ தனியாக வந்த சொல் இல்லை. ‘ஹவ் டஸ் இட் கம் அபவுட் தட் யூ ஆர் லேட்’ என்கிற மாதிரி நீளமான கேள்வியின் சுருக்கம் அது. அந்த நீளமான வடிவத்தைப் பாருங்கள்: ‘டஸ் இட்’ என்று புரட்டிப் போடுவது முன்பாதியிலேயே நடந்துவிட்டது. பின்பாதி ‘யூ ஆர் லேட்’ என்று நேராகவே நிற்கிறது. சுருக்கும்போது முன்பாதிதான் தேய்ந்து ‘ஹவ் கம்’ ஆனது. பின்பாதி அப்படியே இருந்துவிட்டது.

இந்தத் தேய்மானம் பழையது. ஜான் ரஸ்ஸல் பார்ட்லெட் என்ற அமெரிக்கர் 1848இல் வெளியிட்ட அமெரிக்க வழக்குச் சொல் அகராதியிலேயே இது ஏறிவிட்டது. வர்ஜீனியாவில் இதை வேகமாக ‘ஹக்கம்’ என்று சொல்கிறார்கள் என்று அவர் குறித்துவைத்திருக்கிறார். அன்றைக்கே இரண்டு சொல் ஒன்றாக ஒட்டிப் பேசப்பட்டது என்றால், இன்றைக்கு அதை உடைத்து இலக்கணம் பார்ப்பது வீண் வேலை. ஒற்றைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய ஒரு வழி வைத்திருக்கிறேன். ‘ஹவ் கம்’ மேல் கட்டைவிரலை வைத்து மறையுங்கள். மிச்சத்தை முற்றுப்புள்ளி வைத்துப் படியுங்கள். ‘யூ லெஃப்ட் ஏர்லி.’ அது ஒரு செய்தியாகத் தானே நிற்கிறதா? நின்றால் சரி. ‘டிட் யூ லீவ் ஏர்லி’ என்று இன்னும் கேள்வியாகவே இருந்தால், துணைவினையை அதன் இடத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். ஆக, ‘ஹவ் கம் யூ லெஃப்ட் ஏர்லி?’, ‘ஹவ் கம் யூ ஆர் லேட்?’.

வேடிக்கை என்னவென்றால், நாம் இயல்பாகச் செய்கிற தப்புதான் இங்கே சரி. தமிழில் கேள்விக்காகச் சொற்களை இடம் மாற்றும் பழக்கமே இல்லை என்பதால் ‘வொய் யூ ஆர் லேட்’ என்றுதான் நம் வாயில் வரும். ‘ஹவ் கம்’முக்கு அதே வரிசைதான் வேண்டும். இலக்கணம் நன்றாகப் படித்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

அறிகுறி: துணைவினையை எடுத்தாயிற்று, இப்போது வினைச்சொல் நொண்டுகிறது

முந்தைய திருத்தத்தைப் பாதியில் விட்டால் வருவது இது. ‘ஹவ் கம் டஸ் ஷீ கெட் டூ டேஸ் ஆஃப்?’ என்பதில் ‘டஸ்’ஸைத் தூக்கிவிட்டு, ‘ஹவ் கம் ஷீ கெட் டூ டேஸ் ஆஃப்?’ என்று விட்டுவிடுவார்கள். ‘டஸ்’ சுமந்துகொண்டிருந்த ‘ஸ்’ எங்கே போவது? அதை ‘கெட்’டின் வாலில் கட்டவேண்டும்: ‘ஹவ் கம் ஷீ கெட்ஸ் டூ டேஸ் ஆஃப்?’ அதேபோல ‘டிட்’டை எடுத்தால் இறந்தகாலம் வினைச்சொல்லுக்கு இறங்கவேண்டும். ‘ஹி லீவ்’ இல்லை, ‘ஹி லெஃப்ட்’. கட்டைவிரல் சோதனை இதையும் பிடித்துவிடும். ‘ஷீ கெட் டூ டேஸ் ஆஃப்’ என்று தனியாகப் படித்தால் உங்களுக்கே கூசும்.

எதிர்மறையில் மட்டும் கொஞ்சம் நிதானம். ‘டிட்’ வரக்கூடாது என்று மனப்பாடம் செய்த ஒருவர் ‘ஹவ் கம் யூ நாட் கால்ட் மீ?’ என்று எழுதிக்கொண்டு வந்தார். வரக்கூடாது என்பதில்லை. முன்னால் தாவக்கூடாது, அவ்வளவுதான். ‘யூ டிட்ன்ட் கால் மீ’ என்பது செய்தியாக ஒழுங்காகத்தான் நிற்கிறது. அதனால் ‘ஹவ் கம் யூ டிட்ன்ட் கால் மீ?’ என்பதே சரி.

சிலர் காலத்தை ‘கம்’மில் ஏற்றப் பார்ப்பார்கள்: ‘ஹவ் கேம் யூ லெஃப்ட்’, ‘ஹவ் கம்ஸ் ஷீ லெஃப்ட்’. வேண்டாம். அது உறைந்துபோன சொல், நேற்றைக்கும் நாளைக்கும் அதே ‘கம்’தான்.

அறிகுறி: நீங்கள் காரணம் கேட்டீர்கள், பதில் ‘மெட்ரோவில்’ என்று வருகிறது

‘ஹவ் யூ கம்?’ என்று எழுதியிருப்பீர்கள். ‘ஹவ்’வுக்கும் ‘கம்’முக்கும் நடுவே ஆள் புகுந்துவிட்டால் அது ‘எப்படி வந்தாய்’ ஆகிவிடும். படிப்பவர் பஸ், ரயில் என்றுதான் யோசிப்பார். காரணம் வேண்டுமென்றால் இரண்டையும் ஒட்டியே வையுங்கள். உண்மையாகவே வண்டி விசாரிப்பதாக இருந்தால் ‘ஹவ் டு யூ கம் டு வொர்க்?’ என்று முழுசாக எழுதுங்கள். அது வேறு ‘ஹவ்’, வேறு ‘கம்’.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் எதிராளி முகம் சுளித்துவிட்டார்

இதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய பிசகு, நானே மாட்டிக்கொண்டதும்கூட.

சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து கோப்புகள் வரவேண்டியிருந்தது. தேதி தாண்டி இரண்டு நாள். நட்பாகப் பழகுகிறவர்தானே என்று, நானும் இலகுவாக இருக்கட்டும் என நினைத்து, ‘ஹவ் கம் யூ ஸ்டில் ஹேவ்ன்ட் சென்ட் த ஃபைல்ஸ்?’ என்று ஒரு வரி தட்டிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த முகவரிக்கு அனுப்பினார் என்று மூன்று பத்தி. நகலில் என் மேலாளர். கோப்புகள் என் ஜங்க் ஃபோல்டரில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

அந்த வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ‘ஹவ் கம்’முக்குப் பின்னால் நேர்வாக்கியம் வருகிறது என்றோமே, அதன் விளைவு இதுதான்: ‘நீங்கள் இன்னும் அனுப்பவில்லை’ என்பதை நான் நடந்த செய்தியாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ‘வொய்’யிலும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் ‘ஹவ் கம்’ அதோடு ஆச்சரியத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. ‘இப்படியும் ஒருத்தர் செய்வாரா’ என்கிற தொனி. போதாததற்கு நான் ஒரு ‘ஸ்டில்’ வேறு போட்டேன். வடைக்காரத் தம்பியின் முறைப்பு முழுசாக வந்து இறங்கிவிட்டது. ‘ஸ்டில்’, ‘அகெய்ன்’, ‘நெவர்’, ‘ஆல்வேஸ்’, இந்த நான்கில் ஒன்று ‘ஹவ் கம்’ வரியில் இருந்தால் அனுப்பும் முன் ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

சொல்லின் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. ‘ஹவ் கம் யுவர் காஃபி ஆல்வேஸ் டேஸ்ட்ஸ் பெட்டர் தேன் மைன்?’ என்று தோழிக்கு எழுதினால் அது பாராட்டு. ‘ஆல்வேஸ்’ இருந்தும் குத்தவில்லை, ஏனென்றால் பின்னால் வரும் செய்தி அவருக்குப் பெருமை. செய்தி எதிராளியின் குறையாக இருக்கும்போதுதான் ஆச்சரியம் குற்றச்சாட்டாக மாறுகிறது. ஆகவே பார்க்கவேண்டியது இரண்டு: பின்னால் வரும் செய்தி நிச்சயமாக உண்மைதானா, அது அவருக்கு நல்லதா கெட்டதா. உண்மை என்று உறுதியில்லை, அல்லது அவர்மேல் குறை என்றால், ‘ஹவ் கம்’மை எடுத்துவிடுங்கள்.

எடுத்துவிட்டு எதைப் போடுவது? பலர் ‘வொய்’யைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு அதுவும் உடன்பாடில்லை. அலுவலக மெயிலில் நமக்குப் பெரும்பாலும் காரணம் தேவையே இல்லை. எப்போது வரும் என்பதுதான் தேவை. அப்புறம் எதற்குக் காரணம் கேட்டு வம்பு வளர்ப்பது? நம் பக்கத்து நிலையைச் சொல்லி, வேண்டியதைக் கேட்டால் போதும்: ‘வீ ஹேவ் நாட் சீன் த ஃபைல்ஸ் யெட். குட் யூ லெட் அஸ் நோ வென் டு எக்ஸ்பெக்ட் தெம்?’ முதல் வாக்கியத்தில் ‘வீ’ இருப்பதைக் கவனியுங்கள். நாங்கள் பார்க்கவில்லை என்கிறோம், நீங்கள் அனுப்பவில்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு இப்படி எழுதியிருந்தால், ‘ஜங்க் ஃபோல்டரைப் பாருங்களேன்’ என்று ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

அறிகுறி: அழைப்பு விடுத்தீர்கள், அது புகாராகப் போய்ச் சேர்ந்தது

‘வொய் டோன்ட் யூ ஜாயின் அஸ் ஃபார் லஞ்ச்?’ என்பது பார்க்கக் கேள்வி, உள்ளே அழைப்பு. ‘எங்களோட சாப்பிட வாங்களேன்’ என்று பொருள். இதில் ‘வொய்’யை எடுத்து ‘ஹவ் கம் யூ டோன்ட் ஜாயின் அஸ் ஃபார் லஞ்ச்?’ என்று மாற்றினால் ‘அதெப்படி நீங்க எங்களோட சாப்பிடவே வர்றதில்ல?’ ஆகிவிடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இதை அனுப்பினால் அவர் மறுநாளிலிருந்து கட்டாயம் உங்கள் மேசைக்கு வருவார், பயந்துகொண்டு.

‘வொய்’க்கு இப்படிப் பக்கவேலைகள் நிறைய. யோசனை சொல்லும், அழைக்கும், ‘வொய் வெய்ட்?’, ‘வொய் பாதர்?’ என்று வெறும் வினைச்சொல்லோடு நின்று ‘எதுக்கு அதெல்லாம்’ என்று உதறவும் செய்யும். ‘ஹவ் கம்’ இவை எதையும் செய்யாது. ‘ஹவ் கம் வெய்ட்?’ என்று ஒன்று கிடையவே கிடையாது. நடந்த ஒன்று முன்னால் இருந்தால் அதைப் பார்த்து வியக்கும், அவ்வளவே அதன் வேலை.

அறிகுறி: தனியாக நின்றால் சரியா தப்பா என்று தெரியவில்லை

சரிதான். ‘ஐ காண்ட் கம் டுமாரோ’ என்று ஒருவர் எழுதினால் ‘ஹவ் கம்?’ என்று மட்டும் பதில் போடலாம். இங்கே இது ‘வொய்’யைவிடக் கைக்கு அடக்கமானது. எதிர்மறைச் செய்திக்கு ‘வொய்’ என்று கேட்கும்போது ‘வொய் நாட்?’ என்று ‘நாட்’ சேர்க்கவேண்டியிருக்கிறது, ‘ஹவ் கம்?’ நேர்ச்செய்தி, எதிர்மறைச் செய்தி இரண்டுக்கும் அப்படியே பொருந்தும். ‘ஹவ் கம் நாட்?’ என்று வால் சேர்க்க வேண்டாம்.

சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்களிடமிருந்து ‘ஹவ் கம் லைக் தட்?’ என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அந்த ஊர்ப் பேச்சு ஆங்கிலத்தில் அது இயல்பான வழக்கு, நம் ‘ஏன் இப்படி?’ போல. அங்கே பேசட்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு எழுதும்போது பின்னால் முழு வாக்கியம் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: வாக்கியத்தின் நடுவிலோ கடைசியிலோ வந்து முட்டுகிறது

‘ஷீ லெஃப்ட் ஹவ் கம்?’ கூடாது. கேள்விக்குத் தலையில்தான் இது உட்காரும். ‘த ரீசன் ஹவ் கம்’ கூடாது. ‘த ரீசன் வொய்’ அல்லது வெறும் ‘த ரீசன்’. ‘ஷீ ஆஸ்க்ட் ஹவ் கம் ஐ வாஸ் லேட்’ என்பது பேச்சில் ஓடும், எழுத்தில் ‘ஷீ ஆஸ்க்ட் வொய் ஐ வாஸ் லேட்’ என்றே வையுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போது அந்த ஆச்சரியம் எப்படியும் ஆறிப்போய்விடுகிறது.

ஒரே ஒரு இடத்தில் ‘வொய்’ குழப்பி ‘ஹவ் கம்’ தெளிவாக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ‘வொய் டிட் யூ சே ஹி ரிசைன்ட்?’ என்று கேட்டால் இரண்டு பொருள். ஒன்று, அவர் வேலையை விட்டார் என்று நீ ஏன் சொன்னாய்? இரண்டு, என்ன காரணத்துக்காக அவர் வேலையை விட்டார் என்று நீ சொன்னாய்? சொன்னதற்குக் காரணமா, விட்டதற்குக் காரணமா என்று படிப்பவர் திணறுவார். ‘ஹவ் கம் யூ செட் ஹி ரிசைன்ட்?’ என்றால் முதல் பொருள் மட்டும்தான். ‘ஹவ் கம்’ தனக்கு அடுத்து நிற்கும் வினையைத்தான் பிடிக்கும், உள்ளே தாண்டிப் போகாது. ‘அதெப்படி நீ அவர் வேலையை விட்டுட்டார்னு சொன்ன?’ என்று தமிழில் கேட்டுப் பாருங்கள், அங்கேயும் கை நீள்வது ‘சொன்ன’ என்ற வினையை நோக்கித்தான்.

அறிகுறி: சின்னச் சின்ன எழுத்துப் பிழைகள்

சேர்த்து ஒரே சொல்லாக எழுதக்கூடாது, நடுவில் கோடும் வேண்டாம். பின்னால் காற்புள்ளி வேண்டாம். ‘தட்’ சேர்க்க வேண்டாம். பின்பாதி செய்தி மாதிரி இருப்பதால் கடைசியில் முற்றுப்புள்ளி வைக்கக் கை போகும், கேள்விக்குறிதான் வரவேண்டும். முன்னால் ஒரு ‘சோ’ போட்டு ‘சோ ஹவ் கம்’ என்று தொடங்குவது நண்பர்களுக்குள் நன்றாகவே இருக்கும்.

அறிகுறி: தேர்வில் மதிப்பெண் போகிறது, அல்லது விண்ணப்பத்தில் ஒட்டாமல் நிற்கிறது

இது பேச்சுவழக்குச் சொல். கட்டுரை, அறிக்கை, விண்ணப்பம், ஆய்வேடு எதிலும் இடமில்லை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அதன் ஜெனரல் டிரெய்னிங் பிரிவின் எழுத்துத் தாளில் முதல் கேள்வி ஒரு கடிதம், குறைந்தது 150 சொற்கள். அந்தக் கடிதம் நண்பருக்கு என்று வந்தால் ‘ஹவ் கம்’ தாராளமாக வரலாம், இயல்பாகவும் இருக்கும். அதே தாளில் இரண்டாவது கேள்வியான கட்டுரையில் வந்தால் உறுத்தும். யாருக்கு எழுதச் சொல்கிறார்கள் என்று கேள்வியைப் படித்த பிறகே முடிவெடுங்கள்.

வியப்பை விடாமல் மரியாதையாகக் கேட்கவேண்டுமென்றால் ‘ஹவ் இஸ் இட் தட்’ இருக்கிறது. ‘ஹவ் இஸ் இட் தட் த ரேட்ஸ் டிஃபர்?’ இதிலும் புரட்டுகிற வேலை ‘இஸ் இட்’டில் முடிந்துவிட்டதால் பின்பாதி நேராகவே நிற்கும், கட்டைவிரல் சோதனை இதற்கும் செல்லும். நேற்று ஒருவர் கொண்டுவந்த மெயில் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, இரண்டாவது வரியில் ‘ஹவ் கம் மை இன்க்ரிமென்ட் இஸ் லெஸ்?’ என்று போயிருந்தது. வரிசை சரி, வினை சரி, கேள்விக்குறிகூட இருந்தது. ‘ஐ வுட் லைக் டு அண்டர்ஸ்டாண்ட் ஹவ் மை இன்க்ரிமென்ட் வாஸ் கால்குலேட்டட்’ என்று மாற்றிக் கொடுத்தேன். முதல் வரியில் இருந்த ‘ரெஸ்பெக்டட்’டையும் எடுத்துவிட்டு ‘டியர்’ போடச் சொன்னேன், அதற்கு மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.